பானைத் தொழிற் கொட்டிலில் வெக்கையும் காற்றும்

வயலை விட்டு வந்த குடும்பத்துக்கு, அந்த வயல் திரும்பக் கைக்கு வரும்வரை வேறொரு வருமானம் வேண்டும். களிமண்ணும் விறகும் கிட்டக் கிடைக்கும் இடங்களிலே சட்டி, பானை, அடுப்பு, பூச்சாடி என்று மட்பாண்டம் செய்வது அப்படியான ஒரு தொழில். கையும் கண்ணும் அதற்குப் பழக மாதக்கணக்கு ஆகும். அதைத் தொழில் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் இருந்துதான் பழக வேண்டும். கடதாசியில் எழுதிப் படிப்பிக்க முடியாது. ஆனால் தொழில் நடக்கிற கொட்டிலை எங்கே போடுவது, எப்படிப் போடுவது என்பதைக் கடதாசியிற் சொல்லலாம். இப்பாடம் அதைப் பற்றியது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கதைப்பது நல்லது.

குடியிருக்கும் வீட்டைப் போலவே தொழிற் கொட்டிலையும் போட்டுவிடுவதுதான் வழமை. நாலு கப்பு, மேலே தகரம், சுற்றிவரத் தறப்பாள். பானையும் அதற்குள்ளே, ஆட்களும் அதற்குள்ளே, சூளை வாசலோடு. ஒரு மாதத்தில் மூன்று முறைப்பாடு வரும். பானை வெடிக்கிறது, மத்தியானத்தில் இருக்க முடியவில்லை, பக்கத்துக் குடிசைக்குப் புகை போகிறது. மண் சரியில்லை என்று சொல்லி வேறு மண் தேடிப் போவார்கள். பல வேளைகளில் மண்ணிலே குற்றமில்லை. காற்றின் போக்கிலேதான் குற்றம்.

மூன்று இடம், மூன்று விதக் காற்று

வனைகிறவருக்கு ஓடுகிற காற்று வேண்டும். வியர்வை காயும்போதுதான் உடம்பு குளிரும். பச்சைப் பானைக்கு அதே காற்று பகை. அதற்கு நிழலும் அசையாத காற்றும் மெதுவான உலர்ச்சியும் வேண்டும். சூளைக்கோ அடியிலிருந்து இழுக்கிற காற்று வேண்டும், ஆனால் அதன் புகையும் பொறியும் எங்களுக்கும் அயலுக்கும் வரக்கூடாது. இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் ஒரே காற்றைக் கொண்டு நடத்த முடியாது. எனவே கொட்டில் எவ்வளவு சிறிதானாலும் வேலை செய்யும் இடம், காய வைக்கும் இடம், சுடும் இடம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

கமம் செய்தவர்களுக்கு இது புதிதல்ல. வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலிலே தூக்கிவிடும்போது காற்றுப் போகிற இடமாகப் பார்த்தே தூக்குகிறோம். புகையிலைக் குடிலிலே அதற்கு மாறாக அடைத்துப் புகை போடுகிறோம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு காற்று என்று கணக்குப் பார்க்கிற பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே உண்டு.

தகரமா, ஓலையா?

தகரத்தின் வெக்கையைப் பற்றி உங்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வந்தவர்களும் 2009 இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்குப் போனவர்களும் தறப்பாளின் கீழும் தகரத்தின் கீழும் வாழ்ந்து அதை அறிந்தவர்கள். தகரம் சூடேறியதும் இரண்டு வழியாக எங்களைத் தாக்குகிறது. கீழே உள்ள காற்றைச் சூடாக்குவது ஒன்று. அடுப்புக்கு முன்னால் நிற்பதைப் போல நேரே தலையிலும் தோளிலும் வெப்பத்தை வீசுவது மற்றது. இந்த இரண்டாவதைக் காற்றினால் மட்டும் தடுக்க முடியாது. இடையில் ஒரு மறைப்பு வேண்டும்.

கிடுகும் பனையோலையும் குளிர்ச்சி. ஆனால் நெருப்போடு தொழில் செய்யும் வளவிலே ஓலைக் கூரைமேல் ஒரு பொறி விழுந்தால் கொட்டிலோடு நிற்காது. நெருக்கமாகப் போட்ட குடிசைகள் வரிசையாகப் போய்விடும். ஆகவே என் எண்ணப்படி, தகரம் கிடைத்தால் தகரத்தை மேலே போட்டு, அதற்குக் கீழே ஓர் அடி இடைவெளி விட்டுக் கிடுகைத் தட்டியாகக் கட்டுவதே சிறந்தது. பொறியைத் தகரம் தாங்கும், வெக்கையை ஓலை தாங்கும். நடுவிலுள்ள இடைவெளியின் இரு தலைப்பையும் அடைத்துவிடாதீர்கள். சூடான காற்று அதனூடாக ஓடி வெளியேற வேண்டும். கிடுகின் விளிம்பு தகரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது.

உடைந்த அஸ்பெஸ்ரஸ் தகடுகள் எங்காவது கிடந்தால் மலிவென்று எடுத்துச் சூளையைச் சுற்றி மறைப்பு வைக்க வேண்டாம். சூடேறும்போது அவை படாரென்று வெடித்துச் சிதறும். அறுத்தாலும் உடைத்தாலும் வரும் தூசி நுரையீரலுக்குக் கொடியது.

காற்று உள்ளே வர வழி, வெளியே போக வழி

கொட்டிலின் நீளப்பாட்டைக் கிழக்கு மேற்காக வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் படும். அந்த இரண்டு பக்கத்தையும் மண்சுவராலோ ஓலைத் தட்டியாலோ அடைத்துவிடலாம். வடக்கும் தெற்கும் திறந்திருக்கட்டும். தாவாரத்தை 3 அடிக்கு நீட்டி விட்டால் உச்சி வெயிலும் சாரலும் உள்ளே வராது.

ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று வராது. போகிற வழி இல்லாத இடத்துக்கு வருகிற காற்று இல்லை. காற்று வரும் திறப்புக்கு எதிர்ப்பக்கத்தில் அதே அளவிலோ சற்றுக் கூடவோ திறப்பு இருக்க வேண்டும். காற்றே வீசாத பொழுதுக்கு இன்னொரு வழி உண்டு. சூடான காற்று மேலே எழும்பும் தன்மையுடையது. முகட்டிலே ஒரு சாண் இடைவெளி விட்டு, அதன் மேலே இரு பக்கமும் ஓர் அடி தாழ்ந்து நிற்கும்படி ஒரு சிறு தொப்பிக் கூரை போட்டால், மேலே தேங்கும் வெக்கை அவ்வழியாகப் போகும். அந்த இடத்துக்குக் கீழ்த் திறப்பால் குளிர்ந்த காற்று வரும். கீழ்த் திறப்பும் மேல் திறப்பும் எவ்வளவு உயர வித்தியாசத்தில் இருக்கின்றனவோ அவ்வளவுக்கு இழுவை கூடும். ஆகவே கப்புகளை இரண்டு அடி உயர்த்திப் போடுவது வீண் செலவல்ல.

இங்கே ஒரு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வனைகிறவர் நிலத்தோடு குந்தி இருக்கிறார். சுற்றிவர 3 அடிக்கு அரைச்சுவர் கட்டினால், வருகிற காற்றெல்லாம் அவருடைய தலைக்கு மேலாலே போய்விடும். நிற்கிறவருக்குக் காற்று, இருக்கிறவருக்குப் புழுக்கம்! திறப்பு நிலத்திலிருந்து ஓர் அடிக்குள் தொடங்க வேண்டும். ஆடும் கோழியும் வராமலிருக்கப் பனை மட்டையை இடைவிட்டு வரியலாம். கல் இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கித் துளைச்சுவர் கட்டலாம். கேரளத்தில் நெடுங்காலம் பணி செய்து 2007 இல் காலமான கட்டடக்கலைஞர் லோரி பேக்கர் இவ்வகைச் சுவர்களைத் தம் கட்டடங்களில் நிறையப் பாவித்தார். கல்லும் குறையும், காற்றும் வரும், வெளிச்சமும் கண்ணைக் கூசாது.

கொட்டிலில் காற்று எங்கே ஓடுகிறது என்று அறிய ஓர் ஊதுபத்தி போதும். மத்தியானம் 12 மணிக்குப் பிறகு அதைக் கொளுத்திக்கொண்டு, குந்தி இருந்தபடி ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். புகை சாய்ந்து ஓடும் இடம் வனைவதற்கு. நேரே எழும்பி நின்று சுழலும் இடம் பானை காய்வதற்கு.

பச்சைப் பானை ஏன் வெடிக்கிறது?

வனைந்த கையோடு 2 கிலோ நிற்கும் ஒரு பானையில் ஏறத்தாழ 400 கிராம் தண்ணீர் இருக்கிறது. ஒரு நாளில் 50 பானை வனைந்தால் 20 லீற்றர் தண்ணீர். இரண்டு வாளித் தண்ணீர் அவ்வளவும் கொட்டிலின் காற்றுக்குள்தான் போக வேண்டும். அது போகும்போது மண் சுருங்குகிறது. உங்கள் மண் எவ்வளவு சுருங்கும் என்று பார்க்க, ஈரமண்ணைப் பலகைபோலத் தட்டி, அதிலே 10 சென்ரிமீற்றர் கோடு ஒன்று கீறி, நிழலில் முழுவதும் காயவிட்டு அளந்து பாருங்கள். கோடு ஒன்பதரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் நிற்பது பல களிமண்களில் காணக்கூடியது. ஒன்பதிலும் குறைந்தால் மண் மிகவும் பிசுபிசுப்பானது. மணலோ அரித்த சாம்பலோ சேர்க்க வேண்டியிருக்கும்.

சுருங்குவது குற்றமல்ல. ஒரு பக்கம் முந்திச் சுருங்குவதுதான் குற்றம். வாய் விளிம்பு மெல்லியது, காற்றுப் படுவது. அது முதலிற் காய்ந்து இறுகிவிடும். அடி தடிப்பானது, நிலத்தோடு இருப்பது. அது இன்னும் ஈரம். பிறகு அடி சுருங்கத் தொடங்கும்போது விளிம்பு விட்டுக்கொடுக்காது. அப்போதுதான் வெடிப்பு. தென்மேல் காற்று வீசும் மாதங்களிலே, வடக்கில் சோளகம் என்றும் மட்டக்களப்புப் பக்கத்தில் கச்சான் என்றும் சொல்கிறோமே, அந்தக் காலத்தில் பானையின் ஒரு கன்னம் காய்ந்து மறு கன்னம் ஈரமாக இருக்கும். பானை கோணிப் போவதும் அதனால்தான்.

ஆகவே காய வைக்கும் இடம் கொட்டிலின் காற்று மறைவான மூலையில், மண்சுவரோடு இருக்கட்டும். சுவரிலே ஒரு சிறு திறப்பு மேலேயும் ஒன்று கீழேயும் வைத்து, அவற்றைச் சாக்கினாலே மூடவும் திறக்கவும் கூடியதாகச் செய்யுங்கள். முதல் நாள் இரண்டையும் மூடி, பானையின் வாயை ஈரச் சீலையால் சுற்றிவிட வேண்டும். விளிம்பு தொட்டால் நசியாத பதத்துக்கு வந்ததும் பானையைக் கவிழ்த்து அடிக்குக் காற்றுக் கொடுக்க வேண்டும். பானைகளை நேரே நிலத்தில் வையாமல் கம்புத் தட்டிலே வைத்தால் அடியும் காயும். தோல்போல இறுகி, நிறம் மங்கி வெளிறத் தொடங்கிய பிறகு சுருக்கம் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சாக்கை எடுத்து நன்றாகக் காற்று விடலாம். கடைசியில் வெயிலிலும் வைக்கலாம். அவசரப்படக் கூடாதது முதற் பாதியில்தான்.

பானை முழுவதும் காய்ந்ததா என்று அறியக் கன்னத்திலே வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் உண்டு.

மின்சாரம் உள்ள இடத்தில் மின்விசிறி வைத்தால் அதை ஆட்களின் பக்கம் திருப்புங்கள். பச்சைப் பானையின் பக்கம் ஒருபோதும் திருப்ப வேண்டாம்.

சூளைக்கு இடம்

முதலில் நிலம். மீளக்குடியேறிய பகுதிகளிலே கண்ணிவெடி அகற்றி முடித்ததாக அறிவிக்கப்படாத நிலத்தில் சூளைக் குழி வெட்டவும் கூடாது, நெருப்பு மூட்டவும் கூடாது. மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் மண்வெட்டி பட்டு மட்டுமல்ல, மேலே எரியும் நெருப்பின் சூட்டினாலும் வெடிக்கும். களிமண் கிண்டும் இடத்துக்கும் இது பொருந்தும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிசாரிடமோ அறிவியுங்கள்.

அடுத்தது திசை. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை காற்றுத் தென்மேற்கிலிருந்து வரும். அதுவே சுடுவதற்கு ஏற்ற வரண்ட காலம். ஆகவே சூளை கொட்டிலுக்கும் குடிசைகளுக்கும் வடகிழக்கே இருந்தால் புகையும் பொறியும் எங்களை விட்டு விலகிப் போகும். மாரியிலே வாடை வடகிழக்கிலிருந்து வரும்போது அதே சூளை காற்றுக்கு மேலாகிவிடும். அக்காலத்தில் காற்று ஓய்ந்த நாளாகப் பார்த்துச் சுட வேண்டும், அல்லது பானைகளைக் காயவைத்துச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கரையோரத்தில் கடற்காற்றும் தரைக்காற்றும் இதை மாற்றும். ஒரு கம்பிலே சீலைத் துண்டைக் கட்டி ஒரு வாரம் பார்த்தபின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

தூரம் 30 அடிக்குக் குறையக் கூடாது. கூட இருந்தால் நல்லது. முகாம் வளவில் அவ்வளவு இடம் இல்லையென்றால் சூளையை வளவுக்கு வெளியே பொது இடத்தில் வைக்கக் கேட்க வேண்டும். இடமில்லை என்பதற்காகக் குடிசைகளுக்கு நடுவே நெருப்பு வைப்பதை எவ்விதத்திலும் ஏற்க முடியாது. சுற்றிவர 10 அடிக்குப் புல்லும் சருகும் செதுக்கி, ஒரு பீப்பாய் தண்ணீரும் மணல் மூட்டையும் வைத்துவிட்டே நெருப்பு மூட்ட வேண்டும்.

வரண்ட காலத்தில் பகற்காற்று பொழுது படத் தணிவதை அறிவீர்கள். எனவே பின்னேரத்தில் மெல்லிய நெருப்போடு தொடங்கி இரவிலே உச்சச் சூட்டுக்குக் கொண்டுபோவது நல்லது. வேலை செய்பவருக்கு வெயிலும் நெருப்பும் ஒன்றாகச் சேராது. பானை கனன்று சிவக்கும் நிறமும் இருட்டிலேதான் தெளிவாகத் தெரியும். முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் புகைச்சூடு மட்டும். மண்ணுக்குள் மிஞ்சிய தண்ணீர் 100 பாகை செல்சியஸில் ஆவியாகிறது. அது வெளியேற முன் நெருப்பை ஏற்றினால் பானை வெடித்துப் பக்கத்துப் பானையையும் உடைக்கும். சூளையின் மேலிடைவெளியிலே ஒரு குளிர்ந்த தகரத் துண்டை நீண்ட கம்பினாற் பிடித்துப் பாருங்கள். அதிலே பனிபோல ஈரம் படிந்தால் இன்னும் ஆவி வருகிறது.

வைக்கோலும் விறகும் கொண்டு சுடும் திறந்த சூளை பொதுவாக 700 முதல் 900 பாகை வரை போகும். காற்று வரும் பக்கத்தில் பழைய தகரத்தை நட்டு மறைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் வேகாது. ஆறும்போதும் இந்த மறைப்பு நிற்கட்டும். மணலிலுள்ள படிகம் 573 பாகையில் சடுதியாகப் பருமன் மாறும். அந்த நிலையில் குளிர்காற்று ஒரு பக்கம் அடித்தால் நல்ல பானையும் கீறிவிடும். கை தாங்கும் சூட்டுக்கு வரும்வரை சூளையைக் கலைக்க வேண்டாம். சந்தைக்கு நேரமாகிறது என்று விடியற்காலையிலே கலைத்து அரைவாசியை இழப்பதிலும், அடுத்த சந்தைக்குக் கொண்டுபோவது மேல்.

ரயர், பிளாஸ்ரிக், பூச்சடித்த பலகை என்பவற்றைச் சூளையில் எரிக்கக் கூடாது. அந்தப் புகை நஞ்சு. தொய்வு உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அயலில் இருப்பதை நினையுங்கள்.

மாரி காலத்து ஆபத்து

வாடை மழையில் பானை நாலைந்து நாளாகியும் காயாது. அப்போது எவருக்கும் தோன்றும் யோசனை, தறப்பாளை நாலு பக்கமும் இறக்கிவிட்டு உள்ளே ஒரு சட்டியில் தணல் வைப்பது. தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். காற்றுப் போதாமல் எரியும் கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்ற வாயு வருகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண்ணும் எரியாது. புகை இல்லாத சிவந்த தணலிலிருந்துதான் அது நிறைய வரும். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் என்று தொடங்கும். நித்திரையில் இருப்பவர் எழும்பாமலே போகலாம். ஒருவருக்கு இப்படி வந்தால் உடனே வெளியே காற்றுக்குக் கொண்டுவந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மாரியில் செய்யக்கூடியது, மேல் திறப்பை மூடாமல் மழைக்குப் பக்கத்தை மட்டும் மறைப்பதும், குறைவாக வனைவதுமே. 50 பானைக்குப் பதிலாக 15 வனைந்தால் கொட்டிலின் காற்று அந்த ஈரத்தைச் சமாளிக்கும்.

தூசியும் உடம்பும்

காய்ந்த களிமண்ணை இடித்து அரிக்கும்போது எழும் நுண்ணிய தூசியில் சிலிக்கா உண்டு. ஆண்டுக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறும்; அதை மருந்தால் மாற்ற முடியாது, காச நோயும் எளிதில் தொற்றும். அரிப்பதைக் கொட்டிலுக்கு வெளியே, எல்லோருக்கும் காற்றுக்குக் கீழே செய்யுங்கள். மண்ணைக் காயவிட்டு இடிப்பதற்குப் பதிலாகத் தண்ணீரில் கரைத்துச் சீலையில் வடித்தெடுத்தால் தூசியே இல்லை. கொட்டிலைக் கூட்ட முன் தண்ணீர் தெளியுங்கள், அல்லது ஈரச் சாக்கால் துடையுங்கள்.

வெக்கையில் வேலை செய்பவர் தாகம் வரும்வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். அதிகம் வியர்த்தவருக்கு ஜீவனி கொடுக்கலாம். இல்லாவிடில் கொதித்தாறிய 1 லீற்றர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். தலை சுற்றுகிறது, கால் பிடிக்கிறது என்றால் நிழலில் படுக்க வைத்து ஈரச் சீலையால் துடைத்து விசிறுங்கள். உடம்பு கொதித்து, பேச்சுத் தடுமாறி, நினைவு மங்கினால் அது உயிராபத்து. தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்கள் சொல்லித்தான் ஒருவர் ஓய வேண்டும் என்ற நிலைமை வராதிருக்க, மத்தியானம் 12 முதல் 3 மணி வரை வனைவதை நிறுத்தி, நிழலில் மண் தெரிவது, பிடி ஒட்டுவது போன்ற இலகு வேலைகளுக்கு விடுவதைச் சங்கத்தின் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

கூட்டத்தில் கதைப்பதற்கு

எங்கள் கொட்டிலில் குந்தி இருப்பவரின் முகத்துக்குக் காற்று வருகிறதா? கடந்த மூன்று தடவையும் வெடித்த பானைகள் எந்தப் பக்கத்தில் வைத்தவை, வெடிப்பு வாயிலா அடியிலா? கூரையை மாற்றப் பணமில்லை என்றால், இந்த வாரமே காசில்லாமல் செய்யக்கூடியது எது? சூளை வைக்க நினைத்திருக்கும் இடத்துக்குச் சோளகத்தில் காற்றுக்குக் கீழே வருவது யாருடைய குடிசை, வாடையில் யாருடையது? அவர்களிடம் கேட்டாயிற்றா?